ஏழு உலர்திராட்சைகள்

ஸ்ஃபாக்ஸ்,
அக்டோபர் 4, 1995

வசீலாவுக்கு,

பஹீஜா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு.

உம்மா பத்து நாள் என்னோடு இருந்துவிட்டு நேற்றுதான் ஊருக்கு பஸ் ஏறினாள். நீ ஐந்து மாதம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடமாகப் பிரசவ வார்டில் நிற்கிறவளுக்குச் சொந்தத் தங்கையின் செய்தி, ஆலிவ் ஊறுகாய்க்கு உப்பு அளந்துகொண்டிருக்கும்போது வந்து சேர்கிறது. போகட்டும்.

அவள் சொன்ன வேறொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுடி அவளுக்கு. படுக்கவே மாட்டேங்குறா. முதுகுக்குத் தலகாணி வச்சு உக்காந்தே தூங்குறா" என்றாள். உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவளோ, "பொம்பளப் புள்ள போல. நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கு" என்று சிரிக்கிறாள்.

வசீலா, அது பிள்ளை செய்கிற வேலை இல்லை. உன் இதயம். பத்து வயதில் மூட்டுக்கு மூட்டு வீங்கி உனக்கு வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டுத்தான் போனது. அது திரும்ப வராமல் இருக்கத்தான் மாதம் ஒரு பென்சிலின் ஊசி. இருபது வயது தாண்டும்வரை போட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் நீ பிடிவாதம் பிடித்து, வீட்டையே இரண்டாக்கி, நிறுத்திக்கொண்டாய். இப்போது அந்த வால்வு சுருங்கியிருக்கும். கர்ப்பத்தில் ரத்தம் கூடக் கூட அதனால் தாங்க முடியாது. நுரையீரலில் நீர் கோக்கும். பிரசவ நேரத்தில் உயிருக்கே ஆபத்து. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

இங்கே டாக்டர் ஃபாத்தன் இருக்கிறார். இதய மருத்துவர், பெண், பொறுமைசாலி. சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மாதமே வா. வீட்டில் நான் மட்டும்தான். இல்யாஸையும் கூட்டி வா.

உம்மாவுக்கு வேறு கவலை. உன்னைப் பூட்டிய கத்ரா சித்தி உன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனாளாம். வேறொருத்தி வந்து திறந்தது சரியான திறப்பு இல்லையாம். அதனால்தான் இல்யாஸ் முப்பது மணி நேரம் வெளியே வராமல் நின்றானாம். பெண் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஏழு கீறல் போட்டு, அந்த ரத்தத்தில் தொட்டு ஏழு உலர்திராட்சை தின்னக் கொடுத்துப் பூட்டினால் கல்யாணம்வரை எந்த ஆணாலும் அவளை ஒன்றும் செய்ய முடியாது என்று அவள் இன்னும் நம்புகிறாள். என் காலிலும்தான் அந்தக் கோடுகள் இருக்கின்றன. இந்த முறையும் திராட்சையோடு மருத்துவமனைக்கு வருவாளாம். "வா, வார்டுல எல்லாருக்கும் பசிதான்" என்றேன். முறைத்தாள்.

கடைசியாக ஒன்று. நான்கு வருடத்துக்கு முன், இல்யாஸ் பிறந்த ஆறாம் நாள் காலையில், நான் ரொட்டி வாங்கப் போய் வீடு திரும்பியபோது உன் படுக்கை மடித்து வைத்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பஹீஜா

பி.கு. தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன். உங்கள் தெரு மளிகைக்கடை ஃபோனில் பேசினால் உன் நாடித்துடிப்பு ஊருக்கே தெரிந்துவிடும்.


நஃப்தா,
அக்டோபர் 20, 1995

பஹீஜா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். பள்ளிக்குப் போய் வருகிறேன். மூச்சு வாங்குவது உண்மை. கரும்பலகையில் எழுதும்போது நடுவில் நின்றுகொள்கிறேன். பிள்ளைகள் நான் யோசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

நான் வரவில்லை. இங்கே பிரசவம் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீட்டிலேயே பெற்றுக்கொள்வேன். ஊசி, மேசை, காலைத் தூக்கிக் கட்டும் கம்பி எதுவும் எனக்கு வேண்டாம்.

உன் கடிதத்தில் ஒரு சொல் தவறு. பிடிவாதம் என்று எழுதியிருக்கிறாய். நான் வகுப்பில் சிவப்பு மையால் அடிக்கோடு போடுவது போல அதற்குப் போட்டுவிட்டேன்.

சொல்லாமல் வந்தேன் என்கிறாய். சொல்லத் தொடங்கினேன், அக்கா. இல்யாஸ் பிறந்த அன்று உன் வார்டு மேசையிலேயே உன்னிடம் ஒரு வாக்கியம் தொடங்கினேன். நீ முடிக்கவிடவில்லை. நினைவிருக்கிறதா? அதன் பிறகு நீ சொன்ன நான்கு சொற்கள் எனக்கு நினைவிருக்கின்றன. "அவ காலை இறுக்கிப் பிடிங்க."

என் வீட்டுக்காரர் லஸ்ஹர் இந்த வருடப் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி லாரியில் அனுப்புகிறார். அது அவருடைய மரியாதை. என்னுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வசீலா


ஸ்ஃபாக்ஸ்,
நவம்பர் 3, 1995

வசீலா,

பழம் வந்தது. தேன் மாதிரி இருக்கிறது. லஸ்ஹரிடம் சொல், உன்னிடம் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நீ காலை உதறினாய், ஒரு தாதியின் முகத்தில் உதைத்தாய், உள்ளே பார்க்கக் கை வைக்கவிடவில்லை. பிடிக்கச் சொன்னேன்தான். பிடித்ததால்தான் இன்று இல்யாஸ் உன் வீட்டு முற்றத்தில் பந்து உதைக்கிறான். அதற்கு நான் ஏன் தலை குனிய வேண்டும்?

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்துவிட்டேன். தபாலில் போடக் கை வரவில்லை.

அந்த வாக்கியம் நினைவிருக்கிறது. பாதிதான். "அக்கா, அந்தப் பூட்டு" என்றாய். வராந்தாவில் உம்மா காலையிலிருந்து திராட்சையை வைத்துக்கொண்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். உன் வாயிலும் அதே சொல் வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்ச டீச்சர், நீயுமா? பூட்டு கீட்டுன்னு இங்க பேசாத. இது ஆஸ்பத்திரி" என்றேன். தாதிகள் சிரித்தார்கள். அதுவும் நினைவிருக்கிறது.

இந்த வாரம் ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருக்கும். கை வைத்ததும் என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். நல்ல கடி, இன்னும் வீக்கம் வடியவில்லை. பிரசவம் முடிந்ததும் வழக்கம் போல அவள் தாளில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். எழுதும்போதே பேனா நின்றது. உன் தாளிலும் நான் அதையே எழுதியிருக்கிறேன், வசீலா. என் கையால்.

அந்த வாக்கியத்தின் மிச்சம் என்ன? எழுது. நடுவில் பேச மாட்டேன். கடிதத்தில் பேசவும் முடியாது.

அக்கா


நஃப்தா,
நவம்பர் 22, 1995

அக்கா,

"அக்கா, அந்தப் பூட்டு என்னைக் காக்கவில்லை." அவ்வளவுதான் வாக்கியம்.

இல்யாஸ் தூங்கும் மதிய நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். மையின் நிறம் மாறியிருந்தால் அதனால்தான்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை அந்த ஊசிக்காரர் வருவார். பெயர் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும், நீதான் கதவைத் திறந்துவிடுவாய். நம் ஊர்ச் சுரங்கக் கம்பெனி மருந்தகத்தில் வேலை, வீடு வீடாகப் போய் ஊசி போடுவார், காசு வாங்க மாட்டார் என்று ஊரே மெச்சும். உம்மா ஆரஞ்சுப்பூத் தண்ணீர் விட்டுக் காப்பி போட்டுக் கொடுப்பாள். எனக்குப் பத்து வயது. நீ தூனிஸில் பிரசவப் படிப்பு முதல் வருடம் முடித்துக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தாய். வெள்ளைக் கோட்டை வீட்டிலும் போட்டுக்கொண்டு திரிந்தாய். என் இரண்டு மணிக்கட்டையும் நீதான் பிடித்துக்கொள்வாய். அவர், "ஒண்ணுமில்ல, இப்ப முடிஞ்சிரும்" என்பார். நீயும் என் காதில் அதையே சொல்வாய்.

ஊசி போட்ட பிறகு அவர் சொன்னார்: "இந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்காது. அரைமணி நேரம் பக்கத்துல இருந்து பாத்துட்டுத்தான் போகணும். புள்ள அமைதியா படுத்திருக்கட்டும்."

உம்மா உன் முகத்தைப் பார்த்தாள். நீ, "சரிதான் உம்மா, புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாய். போகும்போது எனக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டு போனாய். நீ தூனிஸ் திரும்பிய பிறகும் மாதா மாதம் அந்தக் கதவு சாத்தப்பட்டது. வழக்கமாகிவிட்டது.

அந்த அரைமணி நேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். உன் வேலை அப்படி, உனக்குப் புரியும். இரண்டு வருடம்.

உம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவள் சாப்பாட்டுக்கு மாவைக் கூஸ்கூஸ் மணியாக உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்படியெல்லாம் நடக்காதுடி. உன்னப் பூட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தடவை பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கி, அந்த ஏழு கோட்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இது இருக்குல்ல? இது இருக்கிறவரைக்கும் எவனாலயும் உன்ன ஒண்ணும் செய்ய முடியாது. கெட்ட கனா கண்டிருப்ப." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தாள்.

ஒன்பது வயதில் கத்ரா சித்தி என்னை நிற்க வைத்து, "நான் சுவர், அவன் நூல்" என்று ஏழு தடவை சொல்லச் சொன்னாள், நினைவிருக்கிறதா? ஒரு தடவைக்கு ஒரு திராட்சை. நான் ஆறுதான் தின்றேனோ, ஒன்று பாயில் விழுந்துவிட்டதோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். தப்பு என் எண்ணிக்கையில் என்றே நினைத்தேன். ஒருநாள் பாயைத் தூக்கிக்கூடப் பார்த்தேன்.

பன்னிரண்டு வயதில் அவர் கையைக் கடித்தேன். அதன் பிறகு ஊசி நின்றது. அதற்கு வீட்டில் பிடிவாதம் என்று பெயர் வைத்தீர்கள்.

உன் வார்டில் மேசையில் ஏற்றியபோது ஸ்பிரிட் வாசனை. யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். நீ குனிந்து என் காதில், "ஒண்ணுமில்ல, இப்ப முடிஞ்சிரும்" என்றாய். அதன் பிறகு நான் அங்கே இல்லை, அக்கா. பெற்றது நான்தான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளையை மார்பில் வைத்தபோது ஒரு கனம் என் மேல் இருப்பது மட்டும்தான் தெரிந்தது. எடுக்கச் சொன்னேன். "பெத்தவளுக்கு மனசே இல்லையா" என்று கேட்டாய். மனசு இருந்தது. உடம்புதான் என்னிடம் இல்லை. பதினெட்டாம் நாள்தான் திரும்பி வந்தது, இங்கே, என் வீட்டில். அன்றுதான் இல்யாஸைத் தூக்கினேன்.

அந்த ஊசிக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஊரே அவர் பின்னால் நடந்ததாம். லஸ்ஹருக்கு எதுவும் தெரியாது.

நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. முடிக்க வேண்டிய வாக்கியம் முடிந்தது.

வசீலா


ஸ்ஃபாக்ஸ்,
டிசம்பர் 10, 1995

வசீலா,

நம்புகிறேன்.

இதை முதல் வரியாக எழுதுவதற்குள் ஐந்து தாள் கிழித்துவிட்டேன். மற்றத் தாள்களின் முதல் வரி "எனக்குத் தெரியாது" என்று இருந்தது. அது உண்மைதான். ஆனால் அது என்னைப் பற்றிய வரி, உன்னைப் பற்றியது இல்லை.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் தூக்கிவிட்டால்தான் விழும். நான் தூக்கிவிட்டேன். என் விரலுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

உம்மாவைப் பற்றி நினைத்துக் கோபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அவள் பூட்டை நம்பியதால் நீ சொன்னதைக் கேட்கவில்லை. நான் பூட்டை நம்பாததால் கேட்கவில்லை. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள், நான் இருபத்து மூன்று வருட அனுபவக்காரி. உனக்கு இதில் என்ன வித்தியாசம்?

என்னைக் கடித்த பெண் போன மாதம் கிளம்புவதற்கு முன் அவள் கட்டிலுக்குப் போனேன். வேறு எதுவும் கேட்கவில்லை. "அன்னைக்கு உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "கதவுப் பக்கம் காலை நீட்டிப் படுக்க வைக்காதீங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் மேசையைத் திருப்பிப் போடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காவலாளியைக் கூப்பிட்டு அன்றே நான்கு மேசையையும் திருப்பிப் போட வைத்தேன். "திசை மாத்தியாச்சா அம்மா, இனிமே எல்லாம் ஆம்பளப் புள்ளயா?" என்று கிண்டல் செய்தான். செய்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உன் இதயம். உன்னைச் சம்மதிக்க வைப்பதற்காக எழுதவில்லை. தெரிந்ததை மறைத்தால் மறுபடியும் கதவைச் சாத்தியது போலாகும். வால்வு சுருங்கிய பெண்ணை மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. உட்கார்ந்தோ, இடப்பக்கம் சாய்ந்தோதான் இருக்க வேண்டும். அதாவது, நீ அந்த மேசையில் எதை எதிர்த்தாயோ அதை உன் இதயமும் எதிர்க்கிறது. ஊசி இல்லாமல் மாத்திரையாகத் தரக்கூடிய மருந்து பாதிக்கு மேல் இருக்கிறது. ஆனால் பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் வேண்டும், ஃபாத்தன் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே பெறுவது என்று நீ முடிவு செய்தால் நான் லீவு போட்டு அங்கே வந்து உன்னோடு இருப்பேன். ஆனால் என்னிடம் இரண்டு கை மட்டும்தான் இருக்கும். அது போதாது என்று பயப்படுகிறேன்.

எதெல்லாம் கூடாது என்று எழுதி அனுப்பு. ஏன் என்று எழுத வேண்டாம். வார்டில் படித்துக் காட்டுவேன்; காரணம் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பஹீஜா


நஃப்தா,
டிசம்பர் 30, 1995

அக்கா,

"நம்புகிறேன்" என்ற தாளை மட்டும் தனியாக மடித்து என் பாடக் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன். வகுப்பு நடுவில் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

வருகிறேன். பள்ளியில் சொல்லிவிட்டேன். ஜனவரி இரண்டாம் வாரம் பங்கு டாக்ஸியில் வருவோம். பிறக்கும்வரை உன் வீட்டில்தான்.

லஸ்ஹரிடம் சொன்னேன். பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் கையிலிருந்த கிளையைக் கீழே வைக்கவில்லை. "நான் எப்பவாவது தப்பா நடந்திருக்கேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, "கல்யாணமான புதுசுல நான் முகம் மழிச்சிட்டுத் தடவுற தண்ணிய வேணாம்னு சொன்னியே, ஸ்பிரிட் வாசனைக்குத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லவேளை, அன்னைக்கே கொட்டிட்டேன்" என்றார். எட்டு வருடமாக ஏன் என்றே கேட்காமல் வெறும் தண்ணீரில் முகம் கழுவியிருக்கிறார். பிறகு வெளியே போய்க் கிணற்றடியில் நெடுநேரம் நின்றார்.

நீ கேட்டது. என் முகத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். மணிக்கட்டை யாரும் பிடிக்கக்கூடாது, ரத்த அழுத்தம் பார்ப்பதற்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். தொடுவதற்கு முன் கேட்டுவிட்டு நான் "ம்" சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை. நான் அங்கே இல்லை என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிடு, வந்துவிடுவேன். இப்போது முடிந்துவிடும் என்று யாரும் சொல்ல வேண்டாம். எவ்வளவு நேரமாகும் என்று உண்மையைச் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. கதவைச் சாத்தக்கூடாது, திரை போதும். பிள்ளையை நான் கேட்கும்போது கொடு. அதுவரை உன் கையில், என் கண்ணில் படும்படி வைத்திரு. நீ என் தலைமாட்டில் நிற்க வேண்டாம். எதிரில் உட்கார்.

எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயங்களா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொன்று. உம்மாவிடம் நீ சொல். எப்போது, எப்படி என்று நீயே பார்த்துக்கொள். நான் மூன்றாவது தடவை சொல்ல மாட்டேன்.

வசீலா


ஸ்ஃபாக்ஸ்,
ஏப்ரல் 12, 1996

அன்புள்ள வசீலா,

வீடு காலியாக இருக்கிறது. இல்யாஸ் கட்டிலுக்கடியில் விட்டுப்போன ஒரு காலுறை கிடைத்தது. அனுப்பவில்லை, வரும்போது கொண்டு வருகிறேன்.

உல்ஃபா பிறந்த பிறகு நாற்பது நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். எள்ளும் தேனும் வெண்ணெயும் கலந்து பிரசவ உருண்டை பிடித்தோம், சிரித்தோம், உருண்டையில் தேன் போதவில்லை என்று சண்டைகூடப் போட்டோம். ஆனால் பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி வராந்தாவில் என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் இரண்டு பேருக்கும் தாளில்தான் வாய் திறக்கிறது.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். உனக்கு வலி கண்ட பிறகு, ஃபாத்தன் உன் பக்கத்தில் இருந்தபோது, "உம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வா" என்று நீதான் என்னை அனுப்பினாய். பெருநாள் புதுத்துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குட்டை முடிச்சு. "ஏழும் இருக்கு. சரியா ஏழு. அவள ஒரு நிமிஷம் பாக்க விடுடி, ஒழுங்கா திறந்துட்டு வந்துடறேன்" என்றாள். போன தடவை அவளை வெளிவாசல்வரை துரத்தினேன். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். அந்த அறை, வியாழக்கிழமை, அரைமணி நேரம், தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டது நான் என்பதையும்.

முதலில் என் மேல் பாய்ந்தாள். "செத்தவர இழுக்காத. அவளுக்குத்தான் பூட்டியிருந்துச்சே" என்றாள். திரும்பத் திரும்ப, "பூட்டியிருந்தேனே... பூட்டியிருந்தேனேடி" என்றாள். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கியது. உள்ளே நீ மூச்சு இழுத்து விடுவது திரை வழியாகக் கேட்டது. அவளும் கேட்டாள். கடைசியில், "அவ எங்கிட்ட சொன்னாளே, பஹீஜா. ரெண்டு தடவ சொன்னா. நான் காலத் தூக்கிக் காட்டினேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது, வசீலா. அவள் கூஸ்கூஸ் உருட்டிக்கொண்டிருந்ததாக நீ எழுதியிருந்தாயே, அது பார்லி கூஸ்கூஸ் என்றுகூடச் சொன்னாள்.

உள்ளே வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. பிறகு நான் உன்னிடம் வந்து எதிரில் உட்கார்ந்தேன். அங்கே நடந்தது உனக்கே தெரியும். நீ ஒரு கணமும் அங்கிருந்து போகவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒரு தடவை "தெரியலடி" என்றும் சொன்னேன். முக்குவது இதயத்துக்குக் கூடாது, கருவி வைத்துப் பிள்ளையின் தலையை இழுக்கலாமா என்று ஃபாத்தன் கேட்டபோது, "முதல்ல அதக் காட்டுங்க" என்று வாங்கிக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" சொன்னாயே! வார்டில் இப்போதும் அதைப் பற்றித்தான் பேச்சு. கருவியைக் காட்டிவிட்டு வைப்பது என்று ஒரு பழக்கமே வந்துவிட்டது.

உம்மாவின் திராட்சை என்னவாயிற்று என்று நீ நினைத்திருக்கலாம். மறுநாள் காலையில் உனக்கு வந்த ரவைக் கஞ்சியில் திராட்சை கிடந்ததே, அதுதான். "கொண்டு வந்தாச்சு, என்ன செய்ய? திராட்சைதானே" என்றாள் என்னிடம். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை திரைக்கு வெளியே நின்றாள்.

ஃபாத்தன் ஊசியைப் பற்றிக் கேட்கிறார். மாதம் ஒன்று போட்டால் நல்லது, மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தால் வால்வு தாங்காது என்கிறார். மாத்திரை தினம் இரண்டு வேளை சாப்பிட்டாலும் போதும், ஆனால் ஒன்றும் விடக்கூடாது. முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டேன். இதில் நான் எந்தப் பக்கமும் இல்லை. உண்மையில் ஒரு பக்கம் இருக்கிறேன், சொல்ல மாட்டேன்.

பஹீஜா


நஃப்தா,
ஏப்ரல் 27, 1996

அன்பு அக்காவுக்கு,

உல்ஃபா நான்கரை கிலோ. என் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்க வைக்கிறேன். அந்தக் கனம் இருக்கிறதே, அது அவளுடையது என்று தெரிகிறது.

உம்மா இங்கே ஒரு வாரம் இருந்தாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசவும் மாட்டோம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து உல்ஃபாவைக் கொஞ்சிவிட்டு, "இவளுக்கு எப்ப பூட்டப் போறீங்க? எனக்குத் தெரிஞ்ச நல்ல கைக்காரி தோஸர்ல இருக்கா" என்றாள். உம்மா கூஸ்கூஸ் உருட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். நிறுத்தி, மாவைத் துடைத்துக்கொண்டு, எழுந்து வந்து, பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "இவளுக்கு வாய் இருக்கு. எனக்குக் காது இருக்கு. போதும்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. கிழவிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. அவள் கையை நிறுத்தியதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

மாத்திரையை மறந்துபோகிறேன், அக்கா. இந்த மாதத்தில் ஐந்து நாள் மறந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனியும் மறக்க எனக்கு உரிமை இல்லை. தோஸர் மருந்தகத்தில் ஸல்ஹா என்று ஒரு தாதி இருக்கிறாள். போய்ப் பேசினேன். நின்றுகொண்டே போட்டுக்கொள்ளலாமா என்றேன். "நிக்கலாம், உக்காரலாம், வேணும்னா பாட்டுக்கூடப் பாடலாம். குதிக்க மட்டும் கூடாது" என்றாள். கதவு திறந்தே இருக்கும். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று அரைமணி நேரம் பார்க்க வேண்டும் என்பது உண்மைதானாம். உன் புத்தகம் பொய் சொல்லவில்லை. அதை வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

மே பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

நீ வா. காலுறையை மறக்காதே. ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உல்ஃபாவை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார். ஒன்றும் சொல்ல வேண்டாம். என் கையைப் பிடிக்க வேண்டாம்.

பிடிக்க வேண்டும் போல எனக்கு இருந்தால், உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை
வசீலா